உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாட்டி, இருபது ஜனாதிபதிகள்!

ழான் கல்மான். பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊரில் பிறந்து, அதே ஊரில் இறந்தவர். அரசியலில் இருந்ததில்லை, எதையும் கண்டுபிடித்ததில்லை, சம்பளத்துக்கு வேலைக்குப் போனதும் இல்லை. ஜவுளிக்கடைக்காரரின் மனைவி, அவ்வளவுதான். ஆனால் 1875 பிப்ரவரி 21 தொடங்கி 1997 ஆகஸ்ட் 4 வரை, 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்துவிட்டார். ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்ட மனித ஆயுளில் இதை மிஞ்சியவர் இன்றுவரை இல்லை. வரலாற்றுப் புத்தகத்தில் நாம் தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை இந்த ஒரு பாட்டியின் ஆயுளுக்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய சங்கதிகள் சாதாரண வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக, எவ்வளவு தாமதமாக நுழைகின்றன என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

அரசுக்கு மூன்று நாள் மூத்தவர்

பிரான்சின் மூன்றாம் குடியரசுக்கு அடித்தளம் போட்ட அரசியல் சட்டங்கள் 1875 பிப்ரவரி 24, 25 தேதிகளில் நிறைவேறின. குழந்தை ழான் பிறந்து அப்போது மூன்று நாள், நான்கு நாள். அந்தக் குடியரசு 1940-இல் ஜெர்மன் படையெடுப்பில் சரிந்தபோது அவருக்கு 65 வயது. ஆயுளில் பாதியைத்தான் தாண்டியிருந்தார். அதன்பின் விஷி அரசு, தற்காலிக அரசு, நான்காம் குடியரசு எல்லாம் வந்துபோய், 1958-இல் ஐந்தாம் குடியரசு பிறந்தது. மக்மஓன் தொடங்கி ஷிராக் வரை மொத்தம் 20 ஜனாதிபதிகள் அவர் காலத்தில் பதவியில் இருந்தார்கள்.

ஒரே வருடத்துப் பிள்ளைகள்

இசையமைப்பாளர் ராவெல், உளவியலாளர் கார்ல் யுங், மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர், நம் சர்தார் வல்லபபாய் படேல் நால்வரும் 1875-இல் பிறந்தவர்கள். ராவெல் 1937-இலும், படேல் 1950-இலும், யுங் 1961-இலும், ஷ்வைட்சர் 1965-இலும் மறைந்தார்கள். கடைசியாகப் போன ஷ்வைட்சருக்குப் பிறகும் கல்மான் 32 ஆண்டு இருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்தது

ஆரம்பக் கல்வியை 1881-இல் இலவசமாக்கிய பிரான்ஸ், 1882 மார்ச்சில் 6 முதல் 13 வயது வரை அதைக் கட்டாயமும் ஆக்கியது. இரு பாலாருக்கும் பொருந்திய சட்டம். ழானுக்கு அப்போது ஏழு வயது. ஜூல் ஃபெரி கொண்டுவந்த அந்தச் சட்டங்களுக்கு இருபது, முப்பது ஆண்டு முன்னால் பிறந்த பெண்கள் பலர் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போட்டார்கள். சட்டம் சரியான வயதில் வாசலுக்கு வந்தது, அவரைப் பொறுத்தவரை அநேகமாக இந்த ஒருமுறைதான்.

மெழுகு வருவதற்கு முன்பே

மனிதக் குரலைப் பதிந்து திரும்பக் கேட்க வைத்த எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-இல் வந்தது. முதலில் தகரத்தாளில் பதித்தார்கள், மெழுகு உருளையெல்லாம் பிறகுதான். ழானுக்கு அப்போது இரண்டு வயது, பேசப் பழகும் பருவம். அதே குரல் 1996-இல் ஒரு இசைக் குறுந்தகட்டில் ஏறியது. நடன இசை பின்னணியில் ஒலிக்க, 121 வயதுப் பாட்டி பழைய நினைவுகளைப் பேசுவார். குரல் பதிவுத் தொழில் தகரத்தாளிலிருந்து லேசர் தட்டுக்கு வந்து சேர ஒரு ஆயுள் போதுமானதாக இருந்தது.

கோபுரத்தைவிட மூத்தவர்

ஈஃபிள் கோபுரத்துக்கு 1887 ஜனவரியில் அடித்தளம் தோண்டத் தொடங்கியபோது ழானுக்கு 11 வயது. 1889 மார்ச் 31-இல் திறந்தபோது 14. கோபுரத்துக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியே இருபது ஆண்டுக்குத்தான். 1909-இல் பிரித்து எடுத்திருக்க வேண்டியதை, கம்பியில்லாத் தந்திக்கு உயரமான இடம் வேண்டும் என்ற காரணம் காப்பாற்றியது.

“அழுக்கு ஆள்!”

1888 பிப்ரவரி 20. பாரிசிலிருந்து ரயிலேறி, பனி மூடிக் கிடந்த ஆர்லில் வந்து இறங்கினார் வின்சென்ட் வான்கோ. மறுநாள் ழானுக்குப் 13-வது பிறந்த நாள். அடுத்த 15 மாதத்தில் அந்த ஊரிலேயே ஏறத்தாழ 200 ஓவியங்கள் தீட்டினார். சூரியகாந்திகள், இரவுத் தேநீர் விடுதி, மஞ்சள் வீடு எல்லாம் அப்போது பிறந்தவை. டிசம்பர் 23 இரவு காதை அறுத்துக்கொண்டதும் இதே ஊரில்தான். அக்கம்பக்கத்தார் பயந்துபோய், இவரை அடைத்து வையுங்கள் என்று மேயருக்கு மனு எழுதினார்கள்.

நூறாண்டு கழித்து, 1988-இல் பத்திரிகைக்காரர்கள் ஆர்லுக்குப் படையெடுத்து, வான்கோவைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று தேடினார்கள். கல்மான் பாட்டி இருந்தார். உறவினரின் ஜவுளிக்கடைக்கு வந்த ஓவியரைப் பார்த்திருக்கிறேன் என்றார். மேதையைப் பற்றி ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு: அழுக்கான ஆள், உடை சரியில்லை, பழகவும் இனிமை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் ஏலத்தில் அந்த அழுக்கு ஆளின் சூரியகாந்தி ஓவியம் ஒன்று சுமார் இரண்டரைக் கோடி பவுண்டுக்குப் போயிருந்தது. பதின்மூன்று வயதுக் கண் பார்த்ததை ஏலத்தொகை மாற்றவில்லை.

மஞ்சள் வீடு எங்கே?

வான்கோ வாடகைக்கு இருந்து, படமாகவும் வரைந்த மஞ்சள் வீட்டை இன்று ஆர்லில் தேடினால் கிடைக்காது. 1944 ஜூனில், ஜெர்மானியர் வசமிருந்த ரோன் ஆற்றுப் பாலங்களை உடைக்க நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. அதில் அந்த வீடும் சேதமாகி, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. கல்மானுக்கு அப்போது 69. ஓவியரையும் பார்த்துவிட்டு, அவர் குடியிருந்த வீடு போன பிறகும் அதே ஊரில் 53 ஆண்டு இருந்தார்.

ஒலிம்பிக் முகூர்த்தம்

1896 ஏப்ரல் 6-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8-இல், ஆர்லில் ழானுக்குத் திருமணம். மாப்பிள்ளை ஃபெர்னான் சொந்தக்காரர்தான். தாத்தாக்கள் இருவரும் அண்ணன் தம்பி, பாட்டிகள் இருவரும் அக்கா தங்கை. அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணின் குடும்பப் பெயர் கல்மான்தான். கடைக்கு மேலேயே வீடு. சைக்கிள், டென்னிஸ், நீச்சல், பியானோ, வேட்டை என்று வசதியான வாழ்க்கை.

சினிமாவுக்கு மூத்தவர், சினிமாவில் நடித்தவர்

லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கி முதன்முதலில் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. ழானுக்கு வயது 20. வான்கோவை மையமாக வைத்து 1990-இல் வந்த ஒரு கனடா நாட்டுப் படத்தில் அவர் கல்மானாகவே தோன்றினார். சினிமாவில் முகம் காட்டியவர்களில் மிக வயதானவர் என்ற பெயர் அப்படித்தான் கிடைத்தது.

ஒரே வாரம், இரண்டு செய்தி

1898 ஜனவரி 13. ராணுவ அதிகாரி ட்ரைஃபஸுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சாடி எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதம் பத்திரிகையில் வெளியாகி, பிரான்ஸ் இரண்டு கட்சியாகப் பிளந்தது. ஆறு நாள் கழித்து, ஜனவரி 19-இல், கல்மான் வீட்டில் ஒரே மகள் பிறந்தாள்.

அந்த மகள் 1934 ஜனவரி 19 அன்று, தன் 36-வது பிறந்த நாளில், நுரையீரல் நோயால் இறந்தாள். பெனிசிலினை ஃபிளெமிங் 1928-லேயே கண்டுவிட்டார். ஆனால் அது மருந்தாக நோயாளிகளின் கைக்கு வர 1940-கள் ஆயின. ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே பத்து, பதினைந்து ஆண்டு தூரம். அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் ஏராளம்.

பாரதிக்கு அடைக்கலம் தந்த கொடி

ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்தபோது, அவரைக் காத்தது கல்மானின் நாட்டுக் கொடிதான். புதுச்சேரி பிரெஞ்சு மண், ஆங்கிலேயப் போலீசுக்கு அங்கே அதிகாரமில்லை. பாரதி கல்மானுக்கு ஏழு வயது இளையவர். 1921-இல் பாரதி மறைந்த பிறகு அந்த அம்மாள் ஏறத்தாழ 76 ஆண்டு வாழ்ந்தார். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1-இல் அவருக்கு 79, சட்டப்படி முழுமையாக இணைந்த 1962 ஆகஸ்ட் 16-இல் 87.

இரண்டு முறை வந்த விருந்தாளி

ஹாலி வால்நட்சத்திரம் சுமார் 76 ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒரு வாய்ப்புத்தான். கல்மான் காலத்தில் அது 1910-இலும் 1986-இலும் வந்துபோனது. டைட்டானிக்கும் அப்படியே. 1912-இல் கப்பல் மூழ்கியபோது அவருக்கு 37. கடலடியில் உடைந்த கப்பலைக் கண்டுபிடித்த 1985-இல் 110.

எழுபதில் முதல் ஓட்டு

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று 1789 முதல் முழங்கிய நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1944-இல்தான் வந்தது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலில் வாக்குச்சாவடிக்குப் போனது 1945 ஏப்ரல் 29 நகராட்சித் தேர்தலில். கல்மான் அப்போது எழுபது வயதுக் கிழவி. இதில் வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரித் தமிழ் ஆண்கள் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 1870-களிலிருந்தே ஓட்டுப் போட்டு வந்தார்கள். ஆர்லில் கடைக்காரரின் மனைவிக்கு இல்லாத உரிமை, கடல் கடந்த காலனியில் ஆண்களுக்கு இருந்தது.

போரிலா, பழத்திலா?

இரண்டு உலகப் போர்களையும் கடந்த குடும்பம். 1942 நவம்பரில் ஜெர்மன் படை தெற்கு பிரான்சுக்குள்ளும் புகுந்தது. அதே 1942-இல் ஃபெர்னான் 73-வது வயதில் காலமானார். குண்டும் துப்பாக்கியும் காரணமில்லை. சாப்பிட்ட செர்ரிப் பழங்கள் நஞ்சானதே காரணம் என்று சொல்லப்படுகிறது. உலகப் போரின் நடுவிலும் மனிதர்கள் தத்தம் சொந்தக் காரணங்களால் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறந்தபோது இல்லாத வண்டி

கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-இல், ழானுக்குப் பத்து வயது. மகள் இறந்த பிறகு பேரனை அவர்தான் வளர்த்தார். பேரன் டாக்டரானார். 1963-இல் மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார், தாயைப் போலவே 36 வயதில். அதே ஆண்டு மருமகனும் போய்ச் சேர்ந்தார். முந்தைய ஆண்டுதான் 97 வயது அண்ணன் காலமாகியிருந்தார். 88 வயதில் கல்மானுக்கு நேர் வாரிசு என்று யாரும் மிஞ்சவில்லை.

கணக்குத் தப்பிய நோட்டரி

வாரிசு இல்லாததால் 1965-இல் ஒரு ஒப்பந்தம் போட்டார். பிரான்சில் பழங்காலத்திலிருந்தே நடப்பில் உள்ள முறை அது. வீட்டை வாங்குபவர் மொத்த விலையும் கொடுப்பதில்லை. விற்பவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை தருவார், விற்பவர் அதே வீட்டில் குடியிருப்பார். அவர் கண்மூடிய பிறகு வீடு வாங்கியவருக்கு. சீக்கிரம் போனால் வாங்கியவருக்கு லாபம், போகாவிட்டால் நஷ்டம்.

வாங்கியவர் உள்ளூர் நோட்டரி ஒருவர், வயது 47. விற்றவருக்கு 90. மாதம் 2,500 ஃபிராங்க். யார் பார்த்தாலும் நோட்டரிக்குத்தான் லாபம் என்பார்கள். முப்பது ஆண்டு கட்டினார், வீட்டு மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. 1995 டிசம்பரில் 77 வயதில் நோட்டரியே இறந்துவிட்டார். பாட்டிக்கு அப்போது 120 வயது! நோட்டரியின் மனைவி தொடர்ந்து பணம் கட்டினார்.

இன்னொரு தகவல்: பிரான்சில் மணமான பெண் கணவர் சம்மதமில்லாமல் வங்கிக் கணக்குத் திறக்கலாம், வேலைக்கும் போகலாம் என்ற சட்டம் வந்ததும் இதே 1965 ஜூலையில்தான். கல்மான் கைம்பெண்ணாகி 23 ஆண்டு ஆகியிருந்ததால், அவருக்கு அந்தச் சட்டத்தின் தயவு தேவைப்படவில்லை.

நூறு வரை சைக்கிள்

இரு சக்கரமும் ஒரே அளவில், சங்கிலி பூட்டிய இன்றைய மாதிரி சைக்கிள் 1885-இல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடைத்த டயர் 1888-இல். டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயம் தொடங்கியது 1903-இல். சைக்கிளோடு சேர்ந்தே வளர்ந்த கல்மான், நூறு வயது வரை அதை ஓட்டினார். 85 வயதில் வாள்வீச்சும் பழகினார்.

டாக்டர்கள் சொல்லக் கூடாத ரகசியம்

இருபதுகளில் தொடங்கிய சிகரெட்டை அவர் நிறுத்தியது 117-வது வயதை ஒட்டி. நாளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போனதில்லை என்பார்கள். தன் ஆயுளுக்குக் காரணமாக ஆலிவ் எண்ணெய், போர்ட் ஒயின், சாக்லேட் ஆகியவற்றைச் சொல்வார். யாரும் பின்பற்ற வேண்டாம்! தந்தை 93, தாய் 86, அண்ணன் 97 வயது வரை இருந்த பரம்பரை அது. உழைத்துத் தேயாத வசதியும் கூட இருந்தது.

கில்லட்டின்

1977 செப்டம்பரில், ஆர்லிலிருந்து தொலைவில்லாத மார்சேய் நகரச் சிறையில், பிரான்சின் கடைசி மரண தண்டனை கில்லட்டினில் நிறைவேறியது. கல்மானுக்கு 102 வயது. 1981 அக்டோபரில் மரண தண்டனையே ஒழிக்கப்பட்டபோது 106.

பேரரசுகளின் ஆயுள்

சோவியத் யூனியன் 1922 டிசம்பரில் உருவானபோது கல்மானுக்கு 47, 1991 டிசம்பரில் கலைந்தபோது 116. ஒரு வல்லரசு பிறந்து, வளர்ந்து, மூப்படைந்து மறைந்தது அவர் ஆயுளின் ஒரு பகுதிக்குள்தான். பெர்லின் சுவர் எழுந்தபோது 86, விழுந்தபோது 114. அந்தச் சுவர் விழுந்த இரண்டு மாதத்தில், 1990 ஜனவரியில், முதியோர் இல்லத்தில் அவரும் கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்தார்கள், தேறிவிட்டார்.

உண்மைதானா?

சந்தேகமும் கிளம்பியது. 1934-இல் இறந்தது தாய்தான், வாரிசு வரியைத் தவிர்க்க மகளே தாயின் பெயரில் வாழ்ந்தாள் என்று ரஷ்ய ஆய்வாளர் நிகோலாய் ஸாக் 2018-இல் எழுதினார். 1990-களிலேயே கல்மானை நேரில் சந்தித்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேவாலய, நகராட்சிப் பதிவுகளையெல்லாம் துருவியிருந்த ழான்-மரி ரொபீன், மிஷேல் அலார் தரப்பினர் 2019-இல் பதில் சொன்னார்கள். ஊரறிந்த கடைக்காரர் குடும்பத்தில் அப்படி ஆள் மாறாட்டம் நடந்திருந்தால் கணவர், மருமகன், வேலைக்காரர், வாடிக்கையாளர் என ஊரே சேர்ந்து பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சாதனை அப்படியே நிற்கிறது. அடுத்த இடத்தில் இருக்கும் ஜப்பானின் கானே தனாகா 2022-இல் 119 வயதில் மறைந்தார்.

கடைசி ஆறு மாதம்

1997 பிப்ரவரி 21-இல் 122-வது பிறந்த நாள். அடுத்த சில நாளில் உலகப் பத்திரிகைகளில் டாலி என்ற நகலாக்க ஆட்டின் செய்தி. மே 11-இல் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவைக் கணினி வீழ்த்தியது. ஜூலை 1-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியது. ஜூலை 4-இல் செவ்வாயில் ஒரு சின்ன ஊர்தி இறங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 4-இல், கல்மான் காலமானார். அவர் பிறந்து ஓராண்டுக்குப் பிறகே டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் இறந்த அன்று செவ்வாயிலிருந்து பூமிக்குப் படம் வந்துகொண்டிருந்தது.

பதினாறு பேர் போதும்

ஒருவர் இறந்த அன்றே அடுத்தவர் பிறப்பதாக வைத்து, கல்மானின் ஆயுளைப் பின்னோக்கி அடுக்கிப் பாருங்கள். நான்கு பேர் போதும், 1507-க்குப் போய்விடலாம். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலய விதானத்தில் தூரிகை வைத்தது 1508-இல். ஆர்ல் ஊரின் நடுவே அந்நாளில் 20,000 பேர் உட்கார்ந்த ரோமானிய அரங்கம் ஒன்று இருக்கிறது, கி.பி. 90 வாக்கில் கட்டியது. கல்மானிலிருந்து பதினாறு பேர் பின்னால் போனால், முதலாவது ஆள் அந்த அரங்கத்துக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். ரோமப் பேரரசுக்கும் நமக்கும் நடுவே உள்ள கூட்டம் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடும்!